வராந்தாப் பானையும் ஒரு நோன்பும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மணி அடித்து நிறுத்த ஆள் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேத்தி ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். அவளோடு ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் ரமலான் நோன்பு வைக்கிறாளாம். “தாத்தா, சாப்பிடாம இருக்கறது புரியுது. தண்ணிகூட ஏன் குடிக்கக் கூடாது? எதுக்கு இப்படி உடம்ப வருத்திக்கணும்?” என்று கேட்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நம் உறவுகள் பதில் சொல்லிவிட்டார்கள். ஏழையின் பசி தெரியத்தான் என்றார் ஒருவர். வயிற்றுக்கு ஓய்வு, உடம்புக்கு நல்லது, இப்போது டாக்டர்களே சொல்கிறார்கள் என்றார் இன்னொருவர்.

இரண்டும் தப்பில்லை. ஆனால் ஏழையின் பசியை அறிவதற்கு மட்டும்தான் நோன்பு என்றால், ஏழை எதற்காக நோன்பு வைக்க வேண்டும்? நம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டே நோன்பு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பசியை அவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. உடம்புக்கு நல்லது என்பது உண்மையானாலும், அது கூடவே கிடைக்கும் லாபம். அதற்காக ஒருவர் முப்பது நாள் விடியற்காலை எழுந்திருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கே பல வருஷம் ஆனது. தேட ஆரம்பித்த கதை எனக்குப் பெருமை தருவதல்ல. இருந்தாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1989, ஏப்ரல் மாதம். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு முழு ஆண்டுத் தேர்வு. அன்று என் பாடமான வரலாறு. சித்திரை வெயில், ஓட்டுக் கூரை, மின்விசிறி கிடையாது. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசையில் தலை சாய்த்திருந்தான். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். வேர்த்து நனைந்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

“காலையில சாப்பிட்டியாடா?”

“நோன்புங்க சார்.”

அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. பெரியாரைப் படித்திருந்தேன், விவேகானந்தரையும் படித்திருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. “பரீட்சை அன்னிக்கு என்னடா நோன்பு? வீட்டுல சொல்லி அனுப்பினாங்களா?” என்று சத்தம் போட்டேன். வராந்தா மூலையில் மண்பானை இருக்கும். நானே போய் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன். தலையை ஆட்டினான். “குடிச்சாத்தான் பரீட்சை எழுதலாம். குடி” என்று பிரம்பைக் கையில் எடுத்தேன்.

குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தான்.

ஆசிரியர் அறையில் இதை ஒரு சாதனை போலச் சொன்னேன். மயங்கி விழ இருந்த பிள்ளையைக் காப்பாற்றியதாகத்தான் என் எண்ணம். எங்கள் தமிழய்யா விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். “பானை வராந்தாவுலதான இருக்குது? காலையிலேர்ந்து நாலு தரம் அதத் தாண்டிப் போயிருப்பான். யாரும் பாக்கல. நீ சொல்றதுக்கு முந்தியே ஏன் குடிக்கல?”

எனக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் கட்டில் முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார் அவர்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபியில் நோன்புக்கு ‘ஸவ்ம்’ என்று பெயர். நிறுத்திக்கொள்வது, விலகியிருப்பது என்று பொருள். சோற்றை மட்டும் குறிக்கும் சொல் அல்ல அது. குர்ஆனில் ஈசாவின் தாய் மர்யம் ஒரு நாள் யாரோடும் பேசுவதில்லை என்று நேர்ந்துகொள்கிறார். அந்த மௌனத்துக்கும் இதே சொல்தான். பாரசீகத்திலும் உருதுவிலும் ரோஜா என்பார்கள். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வாயில் ரோஜாதான். தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகளில் நோன்பு.

இந்த ‘நோன்பு’ இருக்கிறதே, அது முஸ்லிம்கள் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே தமிழில் புழங்கிய சொல். நோல் என்னும் வேர். பொறுத்தல், தாங்கிக்கொள்ளுதல் என்று பொருள். வள்ளுவர் தவம் என்ற அதிகாரத்தில் தவத்துக்கு என்ன வடிவம் சொல்கிறார் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது, இந்த இரண்டும்தான் என்கிறார். அங்கே பொறுப்பதைச் சொல்ல அவர் எடுப்பதும் இந்த நோல் வேரிலிருந்து வரும் சொல்லைத்தான். மார்கழியில் பெண்கள் இருந்தது பாவை நோன்பு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதும், பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் உங்களுக்கு நான் சொல்லிச் சொல்லிச் சலித்த கதை.

இன்னொரு சொல், பள்ளி. சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து கரூர் பக்கம் போனால் புகழூர் ஆறுநாட்டார் மலை. அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகளும், சேர இரும்பொறை மரபினர் பெயரைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. உண்ணா நோன்பைக் கடைசி வரை கொண்டுபோனவர்கள் சமணர்கள். அந்தப் பள்ளியிலிருந்து வந்ததுதான் நம் பள்ளிக்கூடம். பள்ளிவாசலும் அதிலிருந்து வந்ததுதான். தமிழ் முஸ்லிம்கள் சலாத் என்பதைத் தொழுகை என்றார்கள், ஈத் என்பதைப் பெருநாள் என்றார்கள், ஸவ்ம் என்பதை நோன்பு என்றார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் காலத்திலும் இந்தச் சொற்கள் மாறவில்லை. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ‘ஆயிர மசலா’ முதல், குர்ஆன் முழுவதையும் தமிழில் முதன்முதலாகப் பெயர்த்த ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி வரை நம்மிடம் நீண்ட தொடர்ச்சி உண்டு. பெரும்பாலும் கடற்கரை ஊர்களில் செழித்த தொடர்ச்சி அது. நம் மேட்டுநிலத்தில் கதை கொஞ்சம் வேறு. குதிரை வணிகமும் குதிரைப்படையும் வழியாக வந்தவர்கள் ஒரு சாரார். ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று கொண்டாடியிருக்கிறார், தெரியுமோ? ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் வந்து தங்கியவர்கள் இன்னொரு சாரார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் சீமை கும்பினியார் கைக்குப் போகும்வரை நாம் மைசூர் ஆட்சியின் கீழ்தான் இருந்தோம்.

சரி, சொல்லை விட்டு நோன்புக்கு வருகிறேன்.

நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது 622ஆம் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அங்கே தொடங்குகிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது 624இல், ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது. இடம் மாறி வந்தவர்கள், கையில் எதுவும் இல்லாதவர்கள், அதே ரமலானில் பத்ரு போரையும் சந்தித்தவர்கள். வசதியாக உட்கார்ந்திருந்த சமுதாயத்துக்கு வந்த கட்டளை அல்ல இது.

அந்தக் கட்டளை குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. முன்பு இருந்தவர்களுக்கு விதிக்கப்பட்டது போலவே உங்களுக்கும் விதிக்கப்படுகிறது என்று அது ஆரம்பிக்கிறது. யூதர், கிறிஸ்தவர் என்று முன்னோர் நடந்த வழியில் இதுவும் ஒன்று என்கிறது. நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லவில்லை. இரண்டாவது, எதற்காக என்ற காரணம். பசியை உணர என்றோ, உடல்நலத்துக்காக என்றோ அங்கே இல்லை. தக்வா உண்டாவதற்காக என்று இருக்கிறது.

தக்வா என்பதை இறையச்சம் என்று மொழிபெயர்ப்பார்கள். சரியான சொல்தான். ஆனாலும் நம் காதுக்கு அது பிரம்பைக் கண்ட பையனின் பயம் போலக் கேட்கிறது. அரபி வேரில் பார்த்தால் காத்துக்கொள்வது என்ற பொருள் இருக்கிறது. கலீபா உமர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய விளக்கம் ஒன்று உண்டு. முள் நிறைந்த தடத்தில் நடக்கும்போது எப்படி நடப்பீர்கள்? துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைப்போம். அதுதான் தக்வா. வேலிக்கருவை நடுவே ஒற்றையடிப் பாதையில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது தமிழய்யாவின் பானைக்கு வாருங்கள். தொழுகையைப் பத்துப் பேர் பார்க்கலாம். தர்மம் கொடுப்பதை வாங்குகிறவனாவது பார்ப்பான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தால் ஊரே அறியும். நோன்பு மட்டும் செயலே இல்லாத வணக்கம். ஒன்றைச் செய்யாமல் இருப்பது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், பெற்ற தாய்க்கும் தெரியாது. மனிதர் செய்யும் மற்றதெல்லாம் அவரவர்க்கு, நோன்பு மட்டும் எனக்கு, அதற்குக் கூலி நானே கொடுப்பேன் என்று இறைவன் சொல்வதாக ஒரு நபிமொழி இருக்கிறது. ஏன் நோன்பை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று அறிஞர்கள் பல காரணம் சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: அதை வேறு யாரும் பார்க்க முடியாது.

பதின்மூன்று வயதுப் பையன், பானையை நாலு முறை தாண்டிப் போனவன், யாருக்குக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வீட்டில் மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவன் அத்தாவோ நாலு மைல் தள்ளி வேலையில் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் மே முதல் வாரம், நோன்பு மாதம் முடியச் சில நாள் பாக்கி. பள்ளி விடுமுறை. தமிழய்யாவின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் நானும் முயன்று பார்த்தேன். விடியுமுன் எழுந்து பழைய சோறு சாப்பிட்டேன். வீட்டில் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பத்து மணிவரை ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு வாய் உலர்ந்தது. பன்னிரண்டரைக்குக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனேன். வாய் கொப்பளித்தேன். இரண்டாம் முறை கொப்பளித்ததைத் துப்பவில்லை. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. இன்னும் இரண்டு கை அள்ளிக் குடித்தேன்.

எனக்கு அது கடமையில்லைதான், பாவமும் இல்லை. ஆனால் சுற்றிலும் பார்த்தேன் அல்லவா, அது என்னை விடவில்லை.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர்தான் இமாம் கஸ்ஸாலியைப் பற்றிச் சொன்னார். 1058இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்து 1111இல் மறைந்தவர். பாக்தாதில் பெரிய பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு வெளியேறியவர். ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற தம் பெரிய நூலில் நோன்பில் மூன்று படி சொல்கிறார். முதல் படி, வயிற்றையும் உடல் இச்சையையும் அடக்குவது. சாதாரண மக்களின் நோன்பு. அடுத்தது கண், காது, நாக்கு, கை, கால் எல்லாம் நோன்பு இருப்பது. மூன்றாவது, இறைவனைத் தவிர வேறு எதிலும் மனம் போகாமல் உள்ளமே நோன்பு இருப்பது. அதே நூலில் ஒரு குட்டும் வைக்கிறார். பகலில் விட்டதை எல்லாம் இரவில் சேர்த்துச் சாப்பிட்டால் நோன்பால் என்ன பயன் என்று கேட்கிறார். மற்ற மாதங்களில் சாப்பிடாத அளவுக்கு இந்த மாதத்துக்கென்று பண்டம் சேர்க்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டு எழுதி ஒன்பது நூற்றாண்டு ஆகிறது. நம் ஊர்களில் இஃப்தார் விருந்துக்குப் பந்தல் போட்டு, மேடை போட்டு, சால்வை போர்த்தி, புகைப்படம் எடுப்பதை அவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! (நானும் இரண்டு தடவை அந்த மேடையில் சால்வை வாங்கியவன்தான்.)

பொய் பேசுவதையும் பொய்யாக நடப்பதையும் விடாதவன் சோற்றையும் தண்ணீரையும் விடுவதில் இறைவனுக்குத் தேவையில்லை என்பது நபிமொழி. நோன்பு வைத்தும் பசியையும் தாகத்தையும் தவிர வேறொன்றும் கிடைக்காதவர்கள் உண்டு என்பது இன்னொன்று. இதைப் படித்தபோது கஸ்ஸாலியின் இரண்டாம் படியில் நம் பக்கத்து அம்மாக்கள் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் அம்மா புரட்டாசிச் சனிக்கிழமை ஒரு பொழுது இருந்து நைனாமலை ஏறுவாள். அன்று யாரையும் திட்ட மாட்டாள். எங்களைத் திட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருப்பாள்!

பேத்தி, “உடம்ப வருத்திக்கணுமா?” என்று கேட்டாய் அல்லவா? உடம்பை வருத்துவது நோக்கமில்லை என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. நோயாளியும் பயணியும் நோன்பை விட்டுவிடலாம், பிறகு வேறு நாளில் வைக்கலாம் என்று நோன்பு விதித்த இடத்திலேயே குர்ஆன் சொல்லிவிடுகிறது. முடியவே முடியாதவர் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சலுகை உண்டு. இரவெல்லாம் சாப்பிடலாம், வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும்வரை. எளிமையைத்தான் இறைவன் நாடுகிறான், சிரமத்தை அல்ல என்று அதே இடத்தில் வருகிறது. பிற்காலத்தில் வைக்கும் நோன்புக்கு நம் பக்கம் ‘களா’ என்பார்கள். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஏன் இந்த மாதம் மட்டும்? குர்ஆன் இறங்கத் தொடங்கிய மாதம் இது. சுமார் 610ஆம் ஆண்டு, மக்காவுக்கு வெளியே ஹிரா குகையில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வந்த முதல் கட்டளை ‘ஓதுவீராக’ என்பது. வாத்தியாருக்கு இதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியாமல் இருக்குமா? அதனால்தான் இந்த மாத இரவுகளில் தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதும் ஓதி முடிப்பது வழக்கம். கடைசிப் பத்து நாளில் சிலர் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாஃப் இருப்பார்கள். அந்தப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் ஒன்று லைலத்துல் கத்ர், ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு. எது என்று உறுதியாகச் சொல்லாமல் தேடச் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் இருபத்தேழாம் இரவைத்தான் பெரிதாகக் கொண்டாடுகிறோம். இதிலும் ‘யாருக்கும் தெரியாது’ என்ற அந்த அம்சம் இருப்பதைக் கவனியுங்கள்.

ரமலான் என்ற பெயருக்கு வேர் கடும் சூடு. ஆனால் அது எப்போதும் கோடையில் வராது. ஹிஜ்ரி ஆண்டு முழுக்க முழுக்கச் சந்திரக் கணக்கு, 354 நாள் அல்லது 355 நாள். சூரிய ஆண்டோடு ஒட்டவைக்க நடுவில் அதிக மாதம் சேர்க்கும் பழக்கம் பழைய அரேபியாவில் இருந்தது. நபிகள் நாயகத்தின் கடைசிக் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. அதனால் ரமலான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். சித்திரையிலிருந்து பங்குனி, மாசி, தை என்று பின்னோக்கி நடந்து எல்லாப் பருவத்தையும் சுற்றி வர ஏறக்குறைய 33 ஆண்டு ஆகும். 1997இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று ஒரே வருஷத்தில் இரண்டு ரமலான் தொடங்கின. 2030இலும் அப்படி வரும். கோடை நோன்பு ஒரு தேசத்துக்கே நிரந்தரமாக அமைந்துவிடாமல், மார்கழிக் குளிரும் சித்திரை வெயிலும் எல்லாருக்கும் மாறி மாறிப் பங்கு வைக்கப்படுகின்றன. ஒருவர் ஆயுளில் இந்தச் சுற்று இரண்டு முறை முடிவதே அதிகம்.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொள்வீர்கள். நோன்புக் கஞ்சி தமிழ்நாட்டின் சொத்து. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், பட்டை கிராம்பு, புதினா, மல்லி, கடைசியில் தேங்காய்ப்பால். வசதி இருந்தால் கொத்துக்கறி. பகல் முழுதும் காய்ந்த வயிற்றில் திடீரென்று எதையும் கொட்டாமல் இதமாக இறங்க வேண்டும் என்று கண்டுபிடித்த மகராசி யாரோ! அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குப்போசியோடு வரிசை நிற்கும். சாதி மதம் கேட்க மாட்டார்கள். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா அங்கேதான் அனுப்பி வாங்குவாள். நாங்கள் நோன்பு வைக்காமலே நோன்பின் பலனைச் சாப்பிட்டவர்கள். இப்போது அரசும் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்குப் பச்சரிசி கொடுக்கிறது. ஆண்டு முழுதும் தேங்கிய செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தாகக் கொடுப்பதைப் பலர் இந்த மாதத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குப் பித்ரா கொடுத்துவிட வேண்டும், பண்டிகை அன்று யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்பதற்காக. ஈகைத் திருநாள் என்ற தமிழ்ப் பெயர் அதனால் வந்தது.

2020 உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 25இல் நோன்பு தொடங்கியபோது ஊரடங்கு. பள்ளிவாசல் கதவு சாத்தியிருந்தது. கஞ்சி வரிசை இல்லை, தராவீஹ் கூட்டம் இல்லை, தாயிரா தட்டி ஸஹருக்கு எழுப்பும் பக்கீர் இல்லை. அரிசியை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் நோன்பு விட்டுப்போயிற்றா என்று ஒரு பழைய மாணவியிடம் போனில் கேட்டேன். “இல்லீங்க சார், மத்ததெல்லாம்தான் விட்டுப்போச்சு. நோன்பு அப்படியே இருந்துச்சு” என்றாள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். 2022 ஏப்ரலில் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, “நோன்பு திறக்கப் பட்டறைக்கு வாங்க சார்” என்றான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1989இல் வந்தது ஹிஜ்ரி 1409ஆம் ஆண்டு ரமலான். இது 1443. நமக்கு 33 வருஷம், அவர்கள் கணக்கில் 34. நிலா ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே சித்திரை வெயிலுக்கு வந்து நின்றிருந்தது.

போனேன். வெல்டிங் வெளிச்சம் அணைந்து, ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த அனலில் பகல் முழுதும் இரும்போடு நின்றவர்கள். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, எட்டாங் கிளாசுல ஒரு நாள்…” என்று ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

“ஞாபகம் இருக்குங்க சார். அதான் எனக்கு மொத முழு நோன்பு. அதுக்கு முன்னால பாதி நாள் நோன்புதான்.”

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே ஹஜ்ரத்திடம் போனானாம். உடம்பு முடியாமல் போனவனுக்குக் குற்றமில்லை, பெருநாள் கழிந்து ஒரு நாள் களா வைத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். விடுமுறையில் ஒரு நாள் வைத்தான். அன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் அடித்து உப்பு மிளகாய்த்தூளோடு பையன்கள் தின்றார்கள். ஸஹருக்கு எழுப்பிய அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கஞ்சியும் கிடையாது. மஃரிபு பாங்கு கேட்டதும் தண்ணீரைக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டானாம்.

“தப்பு பண்ணிட்டேன்பா” என்றேன். சொல்வதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“விடுங்க சார். வாத்தியார் நீங்க, பையன் மயங்கிட்டான்னு பயந்துட்டீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்து வந்தான்.

பாய் விரித்து, பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, தண்ணீர் எல்லாம் முன்னால் வைத்தார்கள். ஆறு இருபது. இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருந்தது. வேலை செய்யும் பையன் ஒருவன், “ஐயா, உங்களுக்கு நோன்பு இல்லீங்களே, நீங்க குடிங்க. மூஞ்சி வாடியிருக்குது” என்றான். எனக்குச் சர்க்கரை மாத்திரை போடும் நேரம்தான். டம்ளரைக் கையில் எடுத்தேன், மடியிலேயே வைத்துக்கொண்டேன். யாரும் பேசவில்லை. ஒருவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தெருவில் பஸ் போயிற்று.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் தொண்டையைச் செருமினார். பாங்கு தொடங்கியது. அவன் ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தான்.

“இப்பக் குடிங்க சார்” என்றான்.